கீமோ நாட்களில் கையில் ஒரு போன்: துணைக்கு நிற்பவர்களுக்கு

"முதல்ல நாலு ஏசி, அப்புறம் வாரா வாரம் பன்னிரண்டு பாக்ளி" என்றார் டாக்டர்.

"ஏசி எனக்கு ஒத்துக்காதுங்க, ஃபேன் போதும்" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏசி என்பது அட்ரியமைசின், சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற இரண்டு மருந்துகளின் முதலெழுத்து, பாக்ளி என்பது பாக்ளிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து என்று எனக்கும் அப்போது தெரியாது. சென்னையிலிருந்து தஞ்சாவூர் திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் நான்கு வீடியோ பார்த்தாயிற்று. ஒருவர் கீமோவே விஷம் என்றார். இன்னொருவர் காலையில் வெறும் வயிற்றில் ஏதோ இலைச்சாறு குடித்தால் இருபதே நாளில் கட்டி கரையும் என்றார். கும்பகோணத்தில் இறங்கி டீ குடித்தபோது, தெரிந்துகொண்டதைவிடப் பயந்ததுதான் அதிகம் என்று புரிந்தது.

அந்த பஸ் சீட்டில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். உங்கள் வீட்டில் வேறு உறுப்பாக இருக்கலாம், மருந்தும் மாறும். ஆனால் போனை எதற்கு எடுக்க வேண்டும், எதற்கு எடுக்கக் கூடாது என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு அது புரிய மூன்று சைக்கிள், அதாவது மூன்று சுற்று கீமோ, ஆனது: மருந்து, காய்ச்சல், ரத்தம், வலி பற்றிய கேள்வி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோறு, தூக்கம், முடி, பயணம், உறவினர் தொல்லை பற்றிய கேள்வியை ஏற்கெனவே அந்த வழியில் போய் வந்தவர்களிடம் கேட்கலாம். இரண்டையும் மாற்றிக் கேட்டால்தான் சிக்கல்.

முதல் மருந்து ஏறுவதற்கு முன்: ஒரு காகிதம்

ஆன்லைன் உதவி பற்றிய கட்டுரையில் காகிதமா என்று கேட்காதீர்கள். இதுதான் முதல் படி. டே கேரில், அதாவது கீமோ ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் பிரிவில், இருக்கும் சிஸ்டரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த எண்ணுக்கு அழைப்பது? எத்தனை டிகிரி காய்ச்சலுக்கு உடனே கிளம்ப வேண்டும்? வெளியூர் என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்? குமட்டல் மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் அடுத்து என்ன?

காய்ச்சலுக்குப் பெரும்பாலான இடங்களில் சொல்லும் கணக்கு 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். உங்கள் டாக்டர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே எழுதுங்கள். கூடவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஆறு மாதத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: "இவருக்கு இன்ன மருந்து, இன்ன தேதியில் கீமோ தரப்பட்டது, காய்ச்சல் வந்தால் அவசரமாகப் பார்க்கவும்" என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி. அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் அருமை பிறகு தெரியும்.

ஃபைலை போனுக்குள் கொண்டுவருவது

ஆஸ்பத்திரி ஃபைல் இரண்டே மாதத்தில் தலையணை மாதிரி ஆகிவிடும். அவசரத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. போனில் ஒரு ஃபோல்டர் போட்டு, இவற்றை மட்டும் ஸ்கேன் செய்து வைத்தால் போதும்: பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், மார்பகம் என்றால் கட்டி எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகள், இதய எக்கோ, ஒவ்வொரு கீமோவுக்கும் தரும் மருந்துச் சீட்டு, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும். பகல் வெளிச்சத்தில், தரையில் விரித்து, நான்கு மூலையும் தெரிய எடுங்கள். பெயரை தேதியில் தொடங்கி வையுங்கள். "ஸ்கேன் புதுசு", "ஸ்கேன் புதுசு 2" என்று வைத்துவிட்டு நான் பட்ட பாடு போதும்.

இந்த ஃபோல்டர் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்பதும் சுலபம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையும் தேசிய புற்றுநோய் கட்டமைப்பும் 'நவ்யா' என்ற சேவை மூலம் ஆன்லைனிலேயே கருத்து சொல்கின்றன. 2012இல் தொடங்கிய அந்தக் கட்டமைப்பில் நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் அதில் ஒன்று. ரிப்போர்ட்களை ஏற்றினால் எழுத்தில் பதில் வரும். ஆனால் இரண்டாவது கருத்தைக் கீமோ தொடங்கும் முன் கேளுங்கள். இரண்டு சைக்கிள் முடிந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கேட்டால், குழப்பம்தான் மிஞ்சும்.

அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமாக வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம். மலச்சிக்கல், லேசான இருமல் மாதிரி விஷயங்களுக்கு, புற்றுநோய் டாக்டரின் அடுத்த தேதி தள்ளி இருந்தால், உதவும். பேசத் தொடங்கியதுமே "கீமோ நடக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். தொலைமருத்துவத்துக்கென்று 2020 மார்ச்சில் வந்த விதிகளின்படி, வீடியோவில் பேசும் டாக்டர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் போட வேண்டும். எண் இல்லாத சீட்டு சீட்டே இல்லை. மார்ஃபின் போன்ற வலி மாத்திரைகளை வீடியோவில் எழுதித் தரவும் அதே விதிகள் இடம் தருவதில்லை. அதற்கு நேரில்தான் போக வேண்டும், தீரும் வரை காத்திருக்காமல்.

வீட்டுக்கு ஒரு வாய்

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், கும்பகோணத்துச் சித்தி, அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் என்று முதல் கீமோ அன்று மட்டும் பதினேழு அழைப்பு. எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, மாலையில் மாத்திரை கொடுக்க மறந்தேன்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் நான் மட்டும் எழுதுவேன். கீமோ அன்று இரவு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ரத்தப் பரிசோதனை வந்ததும் ஒன்று. மூன்றாம் நாள் செய்தி மட்டும் அம்மாவின் குரலிலேயே போகும். "நான் நல்லாத்தான் இருக்கேன், யாரும் பழம் வாங்கிட்டு வராதீங்க, வீடே பழக்கடை மாதிரி இருக்கு" என்று ஒருமுறை அனுப்பினாள். அதற்குப் பிறகு அழைப்புகள் பாதியாகக் குறைந்தன.

அண்ணனைச் சும்மா கவலைப்பட விடாமல் வேலை கொடுத்தோம். டாக்டரைப் பார்க்கும்போது அவன் வீடியோவில் இருப்பான். இதற்கு டாக்டரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட வேண்டும். தெரியாமல் ரெக்கார்ட் செய்வது, மேசைக்கு அடியில் போனைப் பிடிப்பது எல்லாம் வேண்டாம், ஒருமுறை நம்பிக்கை போனால் திரும்பாது. உள்ளே போகும் முன் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போவோம். நான் பேச, அண்ணன் பதிலை அங்கேயே தட்டச்சு செய்துவிடுவான். எனக்கு அப்போது பாதி காதில் விழாது.

குழுவில் சேர்வது

நோயாளிகளும் துணையிருப்பவர்களும் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல் குழுக்கள் நிறைய இருக்கின்றன. டே கேர் வரிசையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டாலே ஒன்று கிடைக்கும். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரோ ஆலோசகரோ நடத்தும் குழு இருந்தால் அதற்கே முதலிடம்.

சேர்ந்ததும் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் படியுங்கள். நல்ல குழுவில் யாராவது மருந்தின் அளவு பற்றிக் கேட்டால் நான்கு பேர் "டாக்டரைக் கேளுங்க" என்பார்கள். பவுடர், கேப்சூல், ஜூஸ் விற்கிறவரை அட்மின் அன்றே வெளியேற்றுவார். மோசமான குழுவில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருக்கும், அதை விற்கிறவரே அட்மினாக இருப்பார். குட் மார்னிங் ரோஜாப்பூ எல்லாக் குழுவிலும் உண்டு, அதைத் தவிர்க்க வழி கிடையாது.

கேள்வி கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "அம்மாவுக்கு ரொம்ப முடியல, என்ன பண்றது?" என்று கேட்டால் நாற்பது பதில் வரும், நாற்பதும் நாற்பது திசையில். இப்படிக் கேளுங்கள்: "வயது 58, மார்பகம், இரண்டாவது ஏசி முடிந்து நான்காம் நாள். வாயில் இரும்புச் சுவை, சாதம் இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் சொல்லியாயிற்று. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" எங்களுக்கு இதற்கு ஐந்தே பதில்தான் வந்தது, ஐந்தும் உதவின. எவர்சில்வர் தட்டு, ஸ்பூனை எடுத்து வைத்துவிட்டுப் பீங்கானுக்கு மாறினோம். சாப்பாட்டைச் சூடாகக் கொடுப்பதை விட்டோம், ஆறினால் வாசனை குறைகிறது. வாய்ப்புண் இல்லாத நாட்களில் துளி நார்த்தங்காய் ஊறுகாய். திண்டுக்கல் பக்கத்து அக்கா ஒருவர் "சமையலை உங்க அம்மா மூக்குக்கு எட்டாத இடத்துல பண்ணுங்க, தாளிக்கிற வாசனைதான் எமன்" என்று குரல் செய்தி அனுப்பினார். அம்மா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு என்னிடமிருந்து போனை வாங்கி, மைக் பட்டனை அழுத்தத் தெரியாமல் அழுத்தி, அவரிடம் தானே பேச ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அந்தக் குழு எனக்கு இருந்ததைவிட அவளுக்குத்தான் அதிகம்.

ரிப்போர்ட்டைக் குழுவில் போடும்போது பெயர், ஆஸ்பத்திரி எண், போன் எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள். நோயாளியின் போட்டோவை அவரைக் கேட்காமல் போடவே கூடாது. தலையில் துண்டு கட்டிய அம்மாவின் படம் ஒன்றை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்து, நான் குடும்பக் குழுவில் போட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என் தலையை நான்தான் காட்டணும்" என்றாள். முதல் ஊசிக்கு இரண்டு, மூன்று வாரத்தில் தலையணையில் முடி கொத்தாக வரும். அதற்கு முன்பே கட்டையாக வெட்டிவிடலாமா, மொட்டை போடலாமா என்பதும் அவர்கள் முடிவுதான்.

இருபத்தொரு நாள் எப்படி ஓடும்

ஏசி பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எந்த நாளில் எது வரும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

முதல் நாள் இரவு பதினொரு மணி. பாத்ரூமிலிருந்து அம்மா கத்தினாள். சிறுநீர் சிவப்பு. எனக்குக் கை நடுங்க, குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் பதில்: "சிவப்பு மருந்து போட்டாங்களா? அதோட கலர்தான்மா, நாளைக்குச் சரியாயிடும்." அட்ரியமைசின் ரத்னா சர்பத் நிறத்தில் இருக்கும். அதன் சாயம் ஓரிரு நாள் சிறுநீரில் வரும். டே கேரில் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், எங்கள் காதில் விழவில்லை. ஆனால் எரிச்சல், கட்டி கட்டியாக ரத்தம், ஓரிரு நாள் கழிந்தும் சிவப்பு என்றால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரியை அழைக்க வேண்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைட் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது. அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தியையோ சிறுநீரையோ சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவது அந்த வழியில்தான்.

அதே முதல் இரவுகளில் தூக்கம் வராது. குமட்டலுக்காகத் தரும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு அப்படிச் செய்யும். விடியற்காலை இரண்டு மணிக்கு அம்மா சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லையே, தெம்பா இருக்கே" என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த மாத்திரை நின்றதும், துணி காயாமல் கயிற்றில் தொங்குகிற மாதிரி படுத்துவிட்டாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் சர்க்கரை ஏறும். முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டான்செட்ரான் குமட்டலை நிறுத்தும், கூடவே மலத்தையும் நிறுத்தும். இதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

இரண்டாம் நாள், அதாவது கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, பலருக்கு 'கவுண்ட் ஊசி' போடச் சொல்வார்கள். வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி. குளிரில் வைக்க வேண்டும், உறையக் கூடாது. வெளியூர்க்காரர்கள் ஐஸ் பெட்டியில் எடுத்து வரும்போது ஊசி நேராக ஐஸைத் தொடாமல் துணியில் சுற்றி வைக்கவும். இது குழுவில் கற்றது, பிறகு மருந்துக்கடையிலும் அதையே சொன்னார்கள். ஊசி போட்ட மறுநாள் இடுப்பும் முதுகும் விண்விண்ணென்று வலிக்கும். நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று நாங்கள் ஓர் இரவு முழுக்க அழுதோம். எலும்பு மஜ்ஜை அணுக்களைத் தயாரிக்கிற வலி அது. எந்த வலி மாத்திரை போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள், போடும் முன் காய்ச்சல் பாருங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும்.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டிய காலம். வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும். வாயில் புண் வரும், உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். வெளிச்சாப்பாடு, வெட்டி வைத்த பழம், கொதிக்காத தண்ணீர், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போக வேண்டாம். யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது சைக்கிளில், பத்தாம் நாள், இரவு ஒன்பதே முக்காலுக்கு அம்மாவுக்கு 100.8. வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்த தப்பு, காகிதத்தில் இருந்த எண்ணை அழைக்காமல் குழுவில் கேட்டது. ஒருவர் மாத்திரை போடுங்கள் என்றார், ஒருவர் ஈரத்துணி என்றார், ஒருவர் காலை வரை பாருங்கள் என்றார். திண்டுக்கல் அக்காவின் குரல் மட்டும் வேறு மாதிரி வந்தது: "நீ இங்க டைப் பண்ணிட்டு உக்காந்திருக்காத. ஆட்டோவக் கூப்பிடு."

கிளம்பினோம். உள்ளூர் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் டோக்கன் எடுத்து உட்காரச் சொன்னார்கள். போனில் இருந்த அந்த இரண்டு வரிக் கடிதத்தைக் காட்டி, "கீமோ போட்டுப் பத்தாம் நாள், காய்ச்சல்" என்றேன். அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அங்கே முதலில் சொல்ல வேண்டியது அதுதான். வெள்ளை அணு இறங்கியிருக்கும்போது வரும் காய்ச்சல் அவசர நிலை. வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. கடிதத்தைப் பார்த்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா ஐந்து நாள் அங்கே இருந்தாள். குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், தண்ணீர்கூட தங்காத வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவற்றுக்கும் இதேதான். போனில் 108 தவிர வேறு எதையும் தட்ட வேண்டாம்.

பதினைந்தாம் நாளுக்கு மேல் நல்ல நாட்கள். கோயிலுக்கு ஆளில்லாத நேரத்தில் போய் வாருங்கள், பிடித்ததைச் சமையுங்கள்.

கவுண்ட் பார்க்கத் தெரிந்துகொள்வது

அடுத்த கீமோவுக்கு முந்தைய நாள் ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்ததும் எல்லோரும் குழுவில் போட்டு "நார்மலா?" என்பார்கள். நீங்களே கணக்குப் போடலாம். மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். சில லேப்களில் நியூட்ரோஃபிலை பாலிமார்ஃப் என்று போடுவார்கள், இரண்டும் ஒன்று. மொத்தம் 2,800, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 840. இது குறைவு. 500க்குக் கீழே போனால் மிகவும் ஆபத்தான அளவு. எத்தனைக்கு மேல் இருந்தால் அடுத்த மருந்து ஏற்றலாம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் 840 என்று தெரிந்தால் கீமோ தள்ளிப்போகலாம் என்று ஊகித்து, ராத்திரி பஸ் டிக்கெட் போடும் முன் டே கேருக்கு ஒரு போன் செய்யலாம். எங்களுக்கு ஒரு சென்னைப் பயணம் இப்படி மிச்சமானது. ஒரு வாரம் தள்ளிப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம், இது அடிக்கடி நடப்பதுதான்.

வாராந்திர பாக்ளியில் வாந்தி குறைவு. விரல் நுனி மரத்துப்போகும். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அதை அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். "கீமோன்னா அப்படித்தான்" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது, மருந்தின் அளவை மாற்றும் அளவுக்கு அது முக்கியமான செய்தி.

ஃபார்வர்டுகள்

முள்சீத்தா இலை, கோதுமைப்புல், பப்பாளி இலைச்சாறு, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்ற கதை என எல்லாம் வரும். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் அவர்களுக்குத் தெரிந்தது ஃபார்வர்டு பட்டன்தான்.

சித்தி அனுப்பியது நித்தியகல்யாணிக் கஷாயம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற உண்மையான கீமோ மருந்துகள் வந்தன. நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாக அதைப் பயிரிடவும் செய்கிறார்கள். அதனால்தான் ஃபார்வர்டு நம்பும்படி இருக்கிறது. ஆனால் ஒரு மூட்டை இலையில் இருப்பதே துளி மருந்துதான், அதைப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் செடியில் இருக்கும் மற்ற நச்சுக்களும் கூடவே இறங்கும். ஏற்கெனவே ஒரு மருந்து வெள்ளை அணுவைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, அளவு தெரியாத இன்னொன்றை வாயில் ஊற்றுவது நெருப்பில் கை வைக்கிற வேலை.

சித்தியோடு வாதாடிப் பயனில்லை. நான் கண்டுபிடித்த பதில் இதுதான்: "சித்தி, டாக்டர்கிட்ட காட்டினேன், கீமோ முடியட்டும்னு சொல்லியிருக்கார்." உண்மையிலேயே காட்டவும் செய்தேன். நாட்டு மருந்து, சித்தா, ஹோமியோ எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டுவார் என்று மறைத்து, கல்லீரல் பரிசோதனை ஏறிய பிறகு காரணம் தேடுவது எல்லோருக்கும் கஷ்டம்.

பணமும் போனும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அந்தத் தொகைக்குள், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் கீமோவும் அடங்கும். அட்டை இருக்கிறதா என்றே தெரியாதவர்கள் திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், அல்லது 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் சொல்லிவிடுங்கள். முன் அனுமதி வாங்குவது அவர்கள் வேலை.

சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு முன்பதிவு கவுண்டருக்குப் போக வேண்டும். நாங்கள் இது தெரியாமல் நான்கு தடவை பஸ்ஸில் முதுகு நோகப் போனோம்.

குழுவில் யாராவது விலை உயர்ந்த மருந்து பாதி விலைக்கு இருக்கிறது, மீந்துபோனது என்றால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து காலிக் குப்பிகளை வாங்கி, பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி, புற்றுநோய் மருந்து என்று விற்றிருக்கிறார்கள். மருந்தை ஆஸ்பத்திரி மருந்தகத்திலோ பில் தரும் கடையிலோ மட்டும் வாங்குங்கள். ஏறி முடிந்ததும் காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்துப் போடச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உங்களுக்கு

குழுவில் ஒருநாள் ஒரு பெயர் பேசாமல் போகும். அப்புறம் யாராவது ஒரு மாலை போட்ட படம் போடுவார்கள். வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாது. நான் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை குழுவை மியூட்டில் போட்டேன். ஆஸ்பத்திரி எண்ணும் அண்ணன் எண்ணும் மட்டும் ஒலிக்கும். அவர்களுக்கு வந்த நோயின் நிலை வேறு, மருந்து வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில நாள் அது பலித்தது, சில நாள் பலிக்கவில்லை.

பலிக்காத நாளில் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு இருபது நிமிடம் பேசினேன். அந்தப் பக்கம் இருந்தவர் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அன்று காலை டீயோடு சரி. இறங்கி வந்து தோசை வார்த்தேன்.

கடைசி பாக்ளிக்குப் பிறகு

கேக் வெட்டலாம், தப்பில்லை. ஆனால் கடைசிக் கீமோ முடிந்தாலும் அதன் கவுண்ட் இறங்கும் வாரம் பாக்கி இருக்கிறது, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காகிதத்தை அவசரப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். விரல் மரத்துப்போனது சரியாக மாதக்கணக்கு ஆகலாம், அதுவரை வெந்நீரின் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அடுத்து 'கரண்ட் வைப்பது' என்றால் ரேடியேஷன், அதற்குத் தொந்தரவுகளும் வேறு, கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைத்த போர்ட்டை எடுக்கவில்லை என்றால், அதை இடையிடையே மருந்து விட்டுக் கழுவ வேண்டும். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று டே கேரில் கேட்டு, கிளம்பும் முன்பே போன் காலண்டரில் தேதியைப் போட்டுவிடுங்கள்.